ஓகஸ்டில் ரொறன்ரோச் சிநேகிதன் வருகிறான்: கடலும் மலையும் ஒரே சுற்றில் முடியுமா?

லேன்வாசி (வெள்ளவத்தை)

எல்லோருக்கும் வணக்கம். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்த சிநேகிதன் ஓகஸ்டில் ரொறன்ரோவிலிருந்து வருகிறான். குடும்பத்தை விட்டுவிட்டுத் தனியாக வருகிறான். முதல் ஒரு வாரம் போல என்னோடு, அப்புறம் யாழ்ப்பாணம், நல்லூர்த் திருவிழா, சொந்தபந்தம் என்று அவன் பாடு. தொலைபேசியில் ஒரே கதைதான்: "மச்சான், எனக்குக் கடலும் வேணும், மலையும் வேணும். மற்றதெல்லாம் உன்ட பொறுப்பு."

எங்கே கூட்டிப்போவது என்று வீட்டில் கேட்டால் ஆளுக்கொரு ஊர் சொல்கிறார்கள். அத்தான் ஒரு தாளில் எழுதியே தந்துவிட்டார்: ஹிக்கடுவை, மிரிஸ்ஸை, நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலை, கண்டி வழியாகத் திரும்புவது. வான் ஒன்று விசாரித்து வைத்திருக்கிறேன், முற்பணம் இன்னும் கொடுக்கவில்லை. அவனுக்கு முழங்காலில் கொஞ்சம் பிரச்சினை. நீந்தத் தெரியும், ஆனால் கடலில் இறங்கி வருடக்கணக்காகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சோளகம் (தெகிவளை)

அத்தானின் பட்டியல் பெப்ரவரிக்கு அருமையான பட்டியல். ஓகஸ்டுக்குக் கிழித்துப் போடலாம்.

மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. ஹிக்கடுவை, உனவட்டுன, மிரிஸ்ஸை எல்லாம் அந்தக் காற்றுக்கு நேரே நெஞ்சைக் காட்டிக்கொண்டு கிடக்கிற கரைகள். தண்ணீர் கலங்கியிருக்கும், அலை உயரும், கரையில் சிவப்புக் கொடி நட்டிருப்பார்கள். மிரிஸ்ஸையில் திமிங்கிலம் பார்க்கப் போகிற படகுகளுக்கும் அது காலம் இல்லை. நம்பாவிட்டால் இன்று பின்னேரம் மரீன் டிரைவுக்கு இறங்கி, தண்டவாளத்துக்கு அப்பால் பாருங்கள். அங்கே கல்லில் மோதிச் சிதறுகிற அதே கடல்தான் ஹிக்கடுவையிலும்.

சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி வெசாக் போயாவோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு படிகளில் விளக்கு எரியாது, வழிக் கடைகள் மூடியிருக்கும். 2,243 மீற்றர் மலையில் மழையையும் அட்டையையும் சமாளித்து இருட்டில் ஏறுவது முழங்கால் நோகிறவனுக்குச் செய்கிற உபகாரமா?

இந்தத் தீவில் எந்த ஊர் என்று யோசிக்க முதல் எந்த மாதம் என்று பார்க்கணும். மலைத்தொடர் நடுவில் நிற்கிறது. காற்று தென்மேற்கிலிருந்து வந்தால் மழை முழுக்க மேற்குச் சரிவில் கொட்டித் தீர்ந்துவிடும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் அந்த மாதங்களில் குடையை மடக்க முடியாது. முகட்டைத் தாண்டி வருகிற காற்றில் ஈரம் இல்லை. ஆகவே ஓகஸ்டில் மலை என்றால் ஊவா (பதுளை, அப்புத்தளைப் பக்கம்), கடல் என்றால் கிழக்கு. நல்லகாலம், இரண்டும் பக்கத்துப் பக்கம்.

பட்டிப்பொல ரசிகன் (தெமட்டகொடை)

சோளகம் சொல்வதைக் கண்ணால் காண ஓர் இடம் இருக்கிறது. பதுளைப் பாதையில் பட்டிப்பொல, 1,898 மீற்றர், நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாதையின் உச்சியும் ஒரு சுரங்கமும் வரும். ஓகஸ்டில் சுரங்கத்துக்குள் நுழையும்போது கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருக்கும், ஓஹியாப் பக்கத்தால் வெளியே வரும்போது வெயில் கண்ணைக் கூசும். ஒவ்வொரு நாளும் இப்படி அமையும் என்று சத்தியம் பண்ண மாட்டேன். அமைகிற நாளில் பெட்டியில் இருக்கிற அத்தனை பேரும் "ஆ" என்பார்கள், நித்திரை கொள்கிற ஊர்க்காரரைத் தவிர.

இரண்டு எச்சரிக்கை. 2025 நவம்பர் கடைசியில் அடித்த டித்வா புயலில் மலைநாட்டுப் பாதை பல இடங்களில் மண்சரிந்து சேதமானது. எந்தத் துண்டில் ரயில் ஓடுகிறது என்று கோட்டை நிலையத்தில் விசாரித்துவிட்டுத் திட்டம் போடுங்கள். வீதிக்கும் அதே கதைதான், அடைமழை பெய்தால் எந்தப் பாதையும் மூடப்படலாம். மற்றது, மிதிபலகையில் தொங்கிப் படம் எடுக்கிற ஆசை. அந்தப் பாதையில் சுரங்கச் சுவரும் பாறையும் பெட்டியை உரசுகிற மாதிரி வரும். அப்படி அடிபட்டு விழுந்து செத்தவர்கள் இருக்கிறார்கள். ரொறன்ரோக்காரர் ஜன்னலோடு நிற்கட்டும்.

(எந்தப் பக்க ஆசனம் நல்லது என்று இங்கே யாரும் தொடங்க வேண்டாம். அந்தச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது.)

ஊவாக்காரி (கொட்டாஞ்சேனை)

நம்ம ஊர்ப் பக்கம் பேச்சு வந்துவிட்டதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எல்லோரும் எல்லவுக்குத்தான் ஓடுகிறார்கள். 1921ல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம் அழகுதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் பாலத்தைப் பார்த்ததும் ஊருக்குள் வந்தால் சாப்பாட்டுக்கடையும் பாட்டுச் சத்தமும்தான். சிநேகிதனோடு இருந்து கதைக்க வேண்டுமென்றால் அப்புத்தளையில் தங்குங்கள். ஊரே மலை முகட்டில் இருக்கிறது. கடைத்தெருவின் ஒரு பக்கத்தில் நின்றால் ஊவாவின் மலைகள், மற்றப் பக்கத்தில் நின்றால் தெற்கே கீழ்நாடு சமதரையாக விரிந்து கிடக்கும். பின்னேரம் மூடுபனி ஒரு பக்கத்தால் ஏறி, பஸ் நிலையத்துக்குள் புகுந்து, மற்றப் பக்கத்தால் இறங்கிப் போகும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குப் பருவம். சோளகம் சொன்ன அந்தக் காய்ந்த காற்று அடிக்க அடிக்கக் கொழுந்து மெதுவாகத்தான் வளரும், மணம் ஏறும். மேற்குச் சரிவில் இருக்கிற டிம்புளப் பக்கத்துக்கு அந்தக் காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. என் அப்பா தொழிற்சாலையில் வேலை செய்தவர். கொழுந்து வாடப்போடுகிற மாடிக்குச் சின்ன வயதில் கூட்டிப்போவார். படியில் ஏறும்போதே பச்சை ஆப்பிளை வெட்டி வைத்த மாதிரி ஒரு வாசம் வரும். கீழே அரைக்கிற இடத்தில் வேறு வாசம், காய வைக்கிற அடுப்புப் பக்கம் வேறு. உங்கள் சிநேகிதன் ரொறன்ரோவில் பையில் கட்டிய தூளைக் குடித்து வருகிறவர். மூக்கு இருந்தால் இதற்காகவே வரலாம்.

லிப்டன் சீட் என்கிற மலையுச்சிக்குப் போங்கள். கீழே தம்பேத்தன்ன தொழிற்சாலை, 1890ல் தோமஸ் லிப்டன் கட்டியது. அங்கிருந்து மேலே ஏழு கிலோமீற்றர் போல. விடியும்போது உச்சியில் நிற்கணும், ஒன்பது மணியானால் பனி வந்து மூடிவிடும். முழங்கால் பிரச்சினை என்றால் ஏறுவதற்கும் ஆட்டோ, இறங்குவதற்கும் ஆட்டோ. இறக்கம்தான் முழங்காலுக்கு எமன். நடுவில் சமதரை வருகிற இடங்களில் இறங்கி நடக்கலாம். மேலே சின்னக் கடையில் ரொட்டியும் சம்பலும் பிளேன் டீயும் கிடைக்கும்.

ஒரு வேண்டுகோள். காலையில் பெரட்டு (வேலை பிரித்துக் கொடுப்பது) முடிந்து மலைக்குப் போகிற அக்காமாரைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நாள் கூலிக்கு இத்தனை கிலோ என்று கணக்கு வைத்துப் பறிக்கிறவர்கள். நின்று சிரித்துக் காட்டினால் மடுவத்தில் நிறுக்கும்போது யார் ஈடு செய்வது? தமிழில் இரண்டு வார்த்தை பேசுங்கள், அவர்களே கூப்பிட்டுப் பேசுவார்கள். கொஸ்லந்தைப் பக்கம் போனால் மீரியபெத்தை எந்தத் திசை என்று சாரதியைக் கேளுங்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் மண்சரிவில் தோட்டத் தொழிலாளரின் லயங்கள் மண்ணுக்குள் போன இடம். அங்கே இறங்கிச் செல்பி எடுக்கிறவர்களையும் கண்டிருக்கிறேன். வேண்டாம்.

லேன்வாசி (வெள்ளவத்தை)

ஊவாக்காரி அக்கா, நன்றி. அப்புத்தளை முடிவாகிவிட்டது. அத்தானிடம் தாளைத் திருப்பிக் கொடுக்கிறேன்.

இனிக் கடல். அப்புத்தளையிலிருந்து கிழக்குக்கு எப்படி இறங்குவது? ரயிலில் போனால் பிறகு வாகனத்துக்கு என்ன செய்வது? அவனுடைய கனடாக் கடவுச்சீட்டுக்கு எல்லா வாசலிலும் வெளிநாட்டுக் கட்டணம் பிடுங்குவார்களா?

ஹைலெவல் பயணி (நுகேகொடை)

லேன்வாசி, நீங்கள் தேடுகிற பாதை உங்கள் வீட்டிலிருந்து ஆட்டோத் தூரத்தில் இருக்கிறது. கிருலப்பனையில் நாள்தோறும் நெரிசலில் நிற்கிறோமே ஹைலெவல் வீதி, அது ஏ4 வீதியின் துண்டு. அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை, பெலிஹுல்ஓயா, பெரகலை, கொஸ்லந்தை, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ என்று போய் பொத்துவிலில் கடலைத் தொட்டு, அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்பில் முடிகிறது. ஒரே வீதி. மலையின் தெற்கு விளிம்பைச் சுற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போகிறது. கண்டிப் பக்கமே போகத் தேவையில்லை. ஓகஸ்டில் பெரஹரா ஊர்வல நாட்களில் கண்டிக்குள் மாட்டினால் அறையும் கிடைக்காது, வீதியும் கிடைக்காது.

நான் போகிற விதம்: விடிய முதல் வெளிக்கிடணும். அவிசாவளை தாண்டினால்தான் காலைச் சாப்பாடு, அதற்கு முன் நிறுத்தினால் கொழும்பு நெரிசல் உங்களைப் பிடித்துவிடும். இரத்தினபுரிவரை மழை பெய்யலாம், அது மேற்குப் பக்கம்தானே. பலாங்கொடைக்குப் பிறகு வானம் மாறத் தொடங்கும். பெலிஹுல்ஓயாவில் ஆற்றில் கால் நனைத்து மத்தியானச் சாப்பாடு. களுபஹனவில் திரும்பினால் பம்பரகந்த, 263 மீற்றர், நாட்டிலேயே உயரமான நீர்வீழ்ச்சி. பாதை ஒடுக்கம், பெரிய வான் என்றால் சாரதி முகத்தைச் சுளிப்பார். பெரகலைச் சந்தியில் இடப்பக்கம் ஏறினால் அப்புத்தளை.

இறங்கும்போது பெரகலைக்குத் திரும்பி வராமல் பண்டாரவளை, எல்ல வழியாக வெல்லவாயவுக்கு இறங்குங்கள். வழியில் இராவணன் நீர்வீழ்ச்சி வீதியோரத்திலேயே விழும். ஒன்பது வளைவுப் பாலத்தையும் அந்தச் சாட்டில் எட்டிப் பார்க்கலாம், தங்கத் தேவையில்லை. கொழும்புக்குத் திரும்பி வரும்போது கொஸ்லந்தைப் பாதை. அதில் தியலும, 220 மீற்றர். கீழே வீதியில் நின்றே முழுசாகத் தெரியும். மழை இல்லாத மாதத்தில் தண்ணீர் மெலிந்து பாறைதான் அதிகம் தெரியும், பரவாயில்லை.

வெல்லவாயவுக்கு இறங்கியதும் சூடு முகத்தில் அடிக்கும். காலையில் சுவெட்டர் போட்டவன் மத்தியானம் இளநீர் தேடுவான். அந்த மாற்றத்தைச் சிநேகிதனோடு பார்க்கிறது நல்ல பம்பல்.

ரயில் வேண்டுமென்றால் சாரதியை வெறும் வானோடு அப்புத்தளைக்கு அனுப்பிவிட்டு நீங்கள் ரயிலில் ஏறலாம். காசு கொஞ்சம் கூடும். வான்காரரிடம் கிலோமீற்றர்க் கணக்கா நாள் கணக்கா, சாரதியின் சாப்பாடும் தங்குமிடமும் யார் பொறுப்பு, இதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் விட்டு நடுவழியில் சண்டை பிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

பம்பலப்பிட்டி மாமா

தம்பிமார், ஒரு கிழவனின் அபிப்பிராயத்தையும் கேளுங்கோ. வெளிநாட்டிலிருந்து வந்த கூட்டாளிமாரை வருடா வருடம் கூட்டிக்கொண்டு திரிகிறவன் நான். வந்து இறங்கிய அடுத்த நாளே வானில் ஏற்றினால் அவர்கள் நித்திரை கொள்வார்கள். நீர்வீழ்ச்சி வந்தால் எழுப்பணும், படம் எடுப்பார்கள், திரும்பவும் நித்திரை. நேர வித்தியாசம் அப்படி. இதற்கா இவ்வளவு காசு?

அந்தப் பிள்ளை சுற்றுலாவுக்கா வருகிறான்? உங்களோடு இருக்க வருகிறான். வெள்ளவத்தையில் ஏறி கல்கிசை மட்டும் கரையோர ரயிலில் போங்கோ. இந்த மாதத்தில் அலை எழும்பித் தண்டவாளத்துக்குக் கிட்ட வந்து தெறிக்கும். பின்னேரம் காலிமுகத்திடல். 1859ல் வோர்ட் தேசாதிபதி போட்டு வைத்த திடல், இன்றைக்கும் பட்டம் விட ஆள் வருகிறது. இறால் வடையைக் கையில் வைத்துக்கொண்டு கதையுங்கோ. குளிக்கத்தான் முடியாது, பார்க்க முடியும்தானே. மலை வேணுமென்றால் அடுத்த முறை.

உப்புவெளியான் (தெகிவளை)

மாமா சொன்னதில் பாதி சரி. முதல் நாள் கொழும்பிலேயே இருக்கட்டும், நித்திரை தெளியட்டும். ஆனால் கடலும் மலையும் கேட்டவனுக்கு இறால் வடையைக் காட்டிச் சமாளிக்க முடியாது மாமா.

கடல் என்றால் திருகோணமலை. அறுகம்பை அலைச்சறுக்குக்காரருக்கு. வெளிநாட்டுப் பொடியன்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கவா போகிறீர்கள்? உப்புவெளி, நிலாவெளிக் கரைகள் ஓகஸ்டில் குளம் மாதிரிக் கிடக்கும். நிலாவெளியிலிருந்து படகில் புறாத்தீவு. அங்கே முருகைக்கல்லும் மீனும், அதிர்ஷ்டம் இருந்தால் சின்னச் சுறாவும் காணலாம், சாதாரணமாக ஆளைக் கடிக்கிற இனம் இல்லை. கல்லில் மட்டும் கால் வைக்க விடாதீர்கள், உயிருள்ள கல். மலையும் இருக்கிறது: கோணேசர் கோயில் நிற்கிற சுவாமிமலை, காலுக்குக் கீழே நேரே கடல். கோட்டை வாசலுக்குள் மான்கள் திரியும். திரும்பும் வழியில் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து இரவு ரயிலும் ஓடுகிறது.

கல்முனைக்காரன் (வெள்ளவத்தை)

உப்புவெளியானுக்குத் தன் ஊர்ப் பாசம், எனக்கு என் ஊர்ப் பாசம். ஆனால் அப்புத்தளையிலிருந்து திருகோணமலைக்குப் போவதென்றால் முழு நாளும் வானில். பொத்துவில் அரை நாள். கணக்கு அவ்வளவுதான்.

அறுகம்பையில் அலைச்சறுக்கு ஒரு முனையில் நடக்கிறது. வளைகுடாவுக்குள் மீன்பிடி வள்ளங்கள் இழுத்து வைத்திருக்கிற பக்கம் தண்ணீர் சாது. விடிய அங்கே போனால் வலை இழுக்கிறதைப் பார்க்கலாம், மீனை அங்கேயே வாங்கித் தங்குகிற இடத்தில் பொரிக்கக் கொடுக்கலாம்.

அதை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. பாணமையைத் தாண்டித் தெற்கே போனால் உகந்தைமலை முருகன் கோயில். பாறை மலை, அதன் அடியில் கோயில், கோயிலுக்கு நேரே கடல். பாறையில் ஏறினால் சுனைகள், மேலே நின்றால் ஒரு பக்கம் கடலும் மற்றப் பக்கம் குமனக் காடும். கதிர்காமத்துக்கு நடந்து போகிற அடியார்கள் இங்கே கும்பிட்டுவிட்டுத்தான் காட்டுக்குள் இறங்குவார்கள். கடலும் மலையும் வேணும் என்று கேட்ட ஆளை ஒரே இடத்தில் நிறுத்தி, "இந்தா, ரெண்டும் இருக்கு" என்று சொல்லலாம். வாசலில் கட்டணம் இல்லை, கடவுச்சீட்டும் கேட்க மாட்டார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். சியம்பலாண்டுவவுக்குப் பிறகு லாகுகலைக் காட்டுக்குள்ளால்தான் வீதி. பொழுதுபட்டால் யானை வீதிக்கு வரும். நாலு மணிக்கு முதல் அந்தத் துண்டைக் கடந்துவிடணும். யானை நின்றால் ஹோர்ன் அடிக்காமல், இறங்காமல், தூரத்தில் பொறுத்திருங்கள். சாப்பாடு எறியவே கூடாது. எறிந்து பழக்கியதால்தான் அவை வாகனத்துக்குப் பக்கத்தில் வருகின்றன.

நிலா (கொள்ளுப்பிட்டி)

லேன்வாசி அண்ணா, கடலைப் பற்றிக் கொஞ்சம். கிழக்கு அமைதி என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதை நம்பி நேரே இறங்கக் கூடாது. ஊர் மீனவரிடம் "எங்கே குளிக்கலாம்" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நீரோட்டம் ஆளை வெளியே இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. களைத்துத்தான் ஆட்கள் மூழ்குகிறார்கள். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையை விட்டு விலகி, அப்புறம் கரைக்கு வரணும். படகில் ஏறினால் உயிர்காப்புச் சட்டை கேட்டு வாங்குங்கள். இரண்டு கிளாஸ் போட்டுவிட்டுக் கடலில் இறங்குகிற விளையாட்டும் வேண்டாம். ஆம்பிளைகள் பழைய கூட்டாளியைக் கண்டால் முதலில் செய்வது அதுதான்.

பயமாக இருந்தால் பாசிக்குடா. வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனால் அது மட்டக்களப்புக்கும் வடக்கே, உங்கள் சுற்றுக்குள் வராது என்று நினைக்கிறேன்.

ஆடி வெள்ளி, நல்லூர் விரதம் என்று உங்கள் சிநேகிதன் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர் என்றால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பொத்துவிலில் மீன் இல்லாத சாப்பாடு கேட்டால் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

சோளகம் (தெகிவளை)

கட்டணக் கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். ஹோர்ட்டன் சமவெளி, புறாத்தீவு, குமன போன்ற வனசீவராசிகள் திணைக்களத்து இடங்களில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம், நம்முடையதை விடப் பலமடங்கு. இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தவர் என்றால் தேசிய அடையாள அட்டையைக் கையில் கொண்டு வரச் சொல்லுங்கள்.

பட்டிப்பொல ரசிகன் (தெமட்டகொடை)

பிறந்த நாட்டில் வெளிநாட்டுச் சீட்டு வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சோளகம் (தெகிவளை)

நியாயமோ இல்லையோ, சீட்டு விற்கிற பெடியனோடு சண்டை பிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அவன் விலை வைக்கவில்லை. கட்டணம் உள்ள இடம் ஒன்றே ஒன்று தெரிவுசெய்து, மிச்சத்தை வீதியோர நீர்வீழ்ச்சி, கடற்கரை, கோயில் என்று வைத்துக்கொண்டால் பிரச்சினையே இல்லை.

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போவதென்றால்: சுற்றுப்பாதை ஒன்பதரை கிலோமீற்றர் போல, பெரும்பாலும் சமதரை. காலை ஆறு மணிக்கு வாசல் திறந்ததும் உள்ளே போகணும், பத்துமணிக்குப் பிறகு உலக முடிவு என்கிற செங்குத்து விளிம்பில் வெள்ளைப் பனியைத்தான் பார்ப்பீர்கள். வாசலில் பைகளைத் திறந்து பொலித்தீனைக் கழற்றி எடுப்பார்கள், பிஸ்கட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போங்கள். ஓகஸ்டில் அங்கே காற்றும் பலமாக இருக்கும்.

லேன்வாசி (வெள்ளவத்தை)

எல்லோருடைய எழுத்தையும் அவனுக்கு அனுப்பினேன். வந்த பதில்: "உகந்தைக்குப் போவம். அங்கே நின்று வீட்டுக்கு வீடியோக் கோல் எடுக்கணும்." ஹோர்ட்டன் சமவெளி வேண்டாமாம், குளிருக்குக் கனடாவே போதுமாம்.

ஆகவே முதல் நாள் மாமா சொன்ன மாதிரிக் கொழும்பு, கரையோர ரயில், காலிமுகத்திடல். பிறகு ஏ4 வழியாக அப்புத்தளை, அங்கே அவசரமில்லாமல். எல்லவைத் தொட்டு இறங்கிப் பொத்துவில், உகந்தை. கொஸ்லந்தை வழியாகத் திரும்புவது. உப்புவெளியான் கோபிக்க வேண்டாம், யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும்போது அவன் திருகோணமலைப் பக்கத்தால் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

உப்புவெளியான் (தெகிவளை)

மன்னிப்பு வழங்கப்பட்டது. பொழுதுபட்ட பிறகு ஹபரணைப் பாதையில் வர வேண்டாம் என்று சொல்லுங்கள், அங்கேயும் யானை. பகலில் என்றால் மின்னேரியாவை எட்டிப் பார்க்கட்டும். ஓகஸ்ட், செப்டெம்பரில் குளம் வற்றிப் புல் முளைக்க, கூட்டம் கூட்டமாக யானை வந்து நிற்கும்.

லேன்வாசி (வெள்ளவத்தை)

போய் வந்தாச்சு மக்கள். கேட்டவர்களுக்காகச் சுருக்கமாக.

மாமா வென்றார்: இரத்தினபுரிவரை அவன் குறட்டை. பலாங்கொடையில் எழுந்து "கொழும்பு தாண்டிட்டமா?" என்று கேட்டான். சோளகமும் வென்றார்: இரத்தினபுரியில் வைப்பரை நிறுத்த முடியாத மழை, பெரகலையில் வீதி காய்ந்து தூசி பறந்தது.

லிப்டன் சீட்டில் முதல் நாள் விடியப் போனால் ஒன்றும் தெரியவில்லை, முழுப் பனி. அக்கா, நீங்கள் சொன்ன கடையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு இருந்து கதைத்தோம். பள்ளிக்கூடத்தில் யார் யாரைக் காட்டிக்கொடுத்தான் என்ற வழக்கு முழுசாக விசாரிக்கப்பட்டது, தீர்ப்பு ஒத்திவைப்பு. அடுத்த நாளும் போனோம், அன்றைக்குத்தான் கீழ்நாடு முழுக்கத் தெரிந்தது. ஒரு நாள் மட்டும் அப்புத்தளைக்கு ஒதுக்கிப் போகிறவர்களுக்கு இது பாடம்.

தங்கின இடத்தில் ஒரு சில்லெடுப்பு. பேசின விலை ஒன்று, பில்லில் வந்த விலை வேறு, "சேவை" என்று ஒரு வரி கூடுதலாக. குறுஞ்செய்தியில் விலை இருந்ததால் காட்டிக் குறைத்தோம். எழுத்தில் வாங்கச் சொன்ன ஹைலெவல் பயணிக்கு நன்றி.

லாகுகலையில் யானை நின்றது, வீதியிலிருந்து தள்ளிக் குளத்துப் பக்கம். சாரதி வேகத்தைக் குறைத்தாரே தவிர நிறுத்தவில்லை. உகந்தையில் பாறையில் ஏறுவதற்கு அவனுடைய முழங்கால் ஒத்துழைத்தது, மெதுவாக, நான் பிடித்தபடி. மேலே சிக்னல் இல்லை. வீடியோக் கோல் இல்லை. அவன் கத்திய கத்தலில் குரங்குகள் ஓடின. கீழே வந்து கடலில் கால் நனைத்தோம், அங்கே அலை பலம், குளிக்கவில்லை. குளித்தது அறுகம்பையில், வள்ளப் பக்கம்தான்.

மரக்கறி விஷயத்தில் நிலா தங்கச்சி சொன்னது அப்படியே நடந்தது. வெள்ளிக்கிழமை பொத்துவிலில் சோறும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் மட்டும். பக்கத்து மேசையில் பாரை மீன்.

கொட்டாஞ்சேனை ராணி

நல்ல இழை. என் அண்ணா குடும்பம் பெப்ரவரியில் வருகிறது, சின்னப் பிள்ளைகளோடு. இதே சுற்றைப் போகலாமா?

சோளகம் (தெகிவளை)

வேண்டாம் சகோதரி, எல்லாவற்றையும் திருப்பிப் போடுங்கள். அப்போது கிழக்கில் வாடைக்காற்றின் வால் இன்னும் இருக்கும், தெற்குக் கரைதான் அமைதி. மலைக்கு ஹற்றன், நுவரெலியாப் பக்கம் வெளிச்சிருக்கும், தேயிலைக்கு டிம்புளப் பருவம். சிவனொளிபாதமலையிலும் விளக்கு எரியும், சின்னப் பிள்ளைகளோடு ஏறுவதா என்று நீங்களே தீர்மானியுங்கள். அதாவது லேன்வாசியின் அத்தான் எழுதிய தாள். அவர் எறிந்துவிட்டாரா என்று கேளுங்கள்.

லேன்வாசி (வெள்ளவத்தை)

எறியவில்லை, குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறார். படம் எடுத்து அனுப்புகிறேன். ஹிக்கடுவையில் பிள்ளைகளுக்கு ஏற்ற இடம் அவரிடமே கேட்டுச் சொல்கிறேன்.